அம்மை காத்த காயம்

இன்று போர்க்களத்து முதலுதவி ஒரு தனிப் படிப்பு. கட்டுத்துணி சிப்பாயின் கையோடு இருக்கும். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் மறைவுக்கு இழு, பீறிடும் இரத்தத்தை நிறுத்து, பிறகு தூக்கிப் போ என்று ஓயாமல் பழக்குகிறார்கள்.

திருச்சுழியைத் தாண்டி நரிக்குடிப் பக்கம் போகும்போதெல்லாம், இந்தப் படிப்பு படிக்காத சில பெண்களின் ஞாபகம் எனக்கு வந்துவிடும். நரிக்குடியை அடுத்த முக்குளம்தான் மருது சகோதரர்கள் பிறந்த ஊர். அந்த மருதுவிடம் ஊமைத்துரை உயிரோடு வந்து சேர்ந்ததே இப்பெண்களால்தான்.

1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் மோதிக் கும்பினிப்படை பலத்த அடி வாங்கியது. மே 24 அன்று கர்னல் அக்னியூவின் பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. தப்பி ஓடுகையில் ஊமைத்துரை படுகாயமுற்று, பிணங்களுக்கிடையே விழுந்தார். இருட்டிய பின் தன் மகனைத் தேடிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். மகன் கிடைத்தான், குற்றுயிராகக் கிடந்தான். அவளோ அவனைத் தூக்கப் போனாள். 'நான் போகட்டும், அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று' என்ற கருத்தில் அவன் கெஞ்சினானாம். இதை எழுதி வைத்தவர் எதிரி. அந்தச் சண்டையில் இருந்த கும்பினி அதிகாரி வெல்ஷ். அவருடைய நூல் 1830-இல் வெளிவந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரெஞ்சுப் படையில் லாரே என்ற வைத்தியர், 'பட்டத்தைப் பார்க்காதே, காயத்தைப் பார்' என்ற விதியை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். நம் வீரன் பட்டத்தைத்தான் பார்த்தான். அது சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெற்றவளுக்கு எப்படியிருந்திருக்கும்!

பெண்கள் ஊமைத்துரையைத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடி, அம்மையில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் எட்ட நின்றே திரும்பிவிட்டார்கள். ஜென்னரின் அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்து இறங்கியது 1802-இல்தான். அதற்கு முந்திய ஆண்டில் அம்மை என்றால் எந்தச் சிப்பாய் கிட்டே வருவான்? ஜெர்மனியில் எஸ்மார்க் முக்கோணத் துணியால் கட்டுப்போடச் சிப்பாய்களுக்குக் கற்றுத்தர இன்னும் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இருந்தன. இங்கே ஒரு துணி, கட்டாக அல்ல, திரையாக நின்று உயிரைக் காத்தது.

காயம் ஆறிய ஊமைத்துரை கமுதிக்குப் போய், அங்கிருந்து மருதுவைச் சேர்ந்து மறுபடியும் போரிட்டார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையை, அவரைப் பெண்கள் தூக்கிப் போன அதே பாஞ்சாலங்குறிச்சியில்.