கண்ணற்ற புழுவும் விழித்திரையும்: ஒரு சிறு வரலாறு

2024 அக்டோபர் 7 அன்று விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தமைக்கான பரிசு அது. ஆயின் 1993இல் அக்கண்டுபிடிப்பு வெளியானபோது அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியோர் சிலரே. அதன் பின் நடந்தவற்றை விழித்திரை ஆய்வின் வழியே இங்குத் தொகுத்துக் கூற முயல்கிறேன். அவ்வரலாற்றில் பெங்களூருக்கும் ஓர் இடம் உண்டு.

ஆம்ப்ரோசும் ரவ்குனும் ஆராய்ந்த உயிரி சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. அதற்குக் கண் கிடையாது. லின்-4 என்னும் மரபணு பழுதுற்றால், இளம்புழு தன் வளர்ச்சியின் முதற் பருவத்துக்குரிய செயல்களையே திரும்பத் திரும்பச் செய்கிறது. அடுத்த பருவத்துக்குரிய மாற்றங்கள் நிகழ்வதில்லை. அம்மரபணுவைத் தேடிப் பிடித்த ஆம்ப்ரோஸ், ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் ஆகியோர் அது புரதம் எதையும் உருவாக்கவில்லை என்று கண்டனர். 22 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கே அதன் விளைபொருள். அத்துணுக்கு லின்-14 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு இணைந்து, புரத உற்பத்தியைத் தடுக்கிறது என்பது இரு ஆய்வகங்களின் முடிவுகளையும் ஒப்பிட்டபோது தெளிவாயிற்று.

புழுவுக்கு மட்டுமே உரிய விந்தை என்று இது ஏழாண்டுகள் ஒதுக்கப்பட்டது. 2000இல் ரவ்குன் குழு லெட்-7 என்னும் இரண்டாவது துணுக்கை அறிவித்தது. அதே துணுக்கு மனிதர் உட்படப் பல விலங்குகளில் இருப்பதையும் அவ்வாண்டிலேயே காட்டியது. அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

லின்-4, லெட்-7 இரண்டும் காலத்தை வரையறுப்பவை. விழித்திரைக்கும் காலமே அடிப்படை. ஒரே வகை முன்னோடிச் செல்களிலிருந்து விழித்திரையின் எல்லா நரம்பணுக்களும் ஒரு வரிசையில் பிறக்கின்றன. மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்புமுடிச்சுச் செல்கள் முதலில் தோன்றும். மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களில் பெரும்பாலானவை பின்னர் வரும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டி உருவாக்கும் டைசர் என்னும் நொதியை எலியின் வளரும் விழித்திரையிலிருந்து நீக்கிய ஆய்வு 2010இல் வெளியானது. அங்கே முன்னோடிச் செல்கள் தொடக்கக் கட்டத்திலேயே நின்றுவிட்டன. தேங்கிய அச்செல்களை நகர்த்தவல்லவை லெட்-7, மிர்-125, மிர்-9 ஆகிய மூன்றும் என 2013இல் காட்டப்பட்டது. மிர்-125 என்பது லின்-4இன் உறவே. கண்ணற்ற புழுவின் காலக் கணக்கை வகுத்த இரண்டும் நம் கண்ணின் தோற்றத்திலும் அப்பணியையே செய்கின்றன!

மற்றொரு துணுக்கு மிர்-124. நரம்பு மண்டலத்தில் மிகுதியாகக் காணப்படுவது. அதன் முதன்மை ஊற்றை இழந்த எலிகளில், நிறங்களை உணரும் கூம்புச் செல்கள் மடிவதை 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பெங்களூரின் பங்களிப்பும் இத்துணுக்கைப் பற்றியதே. இங்குள்ள இன்ஸ்டெம் நிறுவனத்தில் தாசரதி பாலகோடேட்டியின் குழு, வெட்டுண்டாலும் மூளையையும் கண்ணையும் மீண்டும் வளர்த்துக்கொள்ளும் பிளனேரியா என்ற தட்டைப்புழுவை ஆராய்ந்தது. மிர்-124ஐ முடக்கும் மூலக்கூறுகளைக் கொழுப்பாலான நுண்குமிழிகளில் வைத்துப் புழுவுக்குள் செலுத்தும் புதிய முறையையும் அக்குழு உருவாக்கியது. மீண்டும் வளரும் மூளையின் ஒழுங்கமைப்புக்கும் கண்ணை உருவாக்கும் முன்னோடிச் செல்கள் தோன்றுவதற்கும் மிர்-124 இன்றியமையாதது என்பது 2017இல் வெளிவந்த அவர்களது முடிவு.

மொழியியல் பயின்ற என்னை ஈர்த்தது வேறொரு செய்தி. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் இலக்கைப் பெரும்பாலும் 2ஆம் எழுத்து முதல் 8ஆம் எழுத்து வரையுள்ள பகுதியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. வலி, வழி, வளி ஆகிய சொற்களில் ஓரொலி மாறினால் பொருள் முற்றிலும் மாறிவிடுவது போன்றதே இதுவும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பிரித்தானியக் குடும்பமொன்றில் பரம்பரையாக வந்த விழித்திரைச் சிதைவுக்கும் கருவிழிப்படலக் குறைபாட்டுக்கும் காரணம் மிர்-204இன் அப்பகுதியில் நேர்ந்த ஓரெழுத்து மாற்றமே என்று நிறுவியது. அம்மாற்றத்தால் துணுக்கு தன் பழைய இலக்குகள் சிலவற்றை இழந்தது. தனக்குரியன அல்லாத புதியவற்றைப் பற்றிக்கொண்டது.

“இந்தப் புழு ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்?” என்ற வினா நம் ஆய்வரங்குகளில் அடிக்கடி எழுகிறது. பொதுப்பணம் செலவாகும் இடத்தில் அவ்வினா நியாயமானதே. ஆனால் 1993இல் அவ்வினாவுக்கு உடனடி விடை கூறியாக வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தால், லின்-4 பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைத்திருக்காது. அக்குடும்பத்தின் பார்வை ஏன் மங்கியது என்பதற்கான விளக்கமும் இன்று நம்மிடம் இருந்திராது. பயனை முன்கூட்டியே கேட்கும் குழுக்களில் நாளை நாமும் அமரக்கூடும். அப்போது இந்தக் கண்ணற்ற புழுவை நினைவில் கொள்வோம்.