கீச்சொலி சொல்லும் செய்தி

விரைந்து வரும் மோட்டார் வண்டியை நிறுத்தும்போது செவியைத் துளைக்கும் கீச்சொலி எழுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதனை அற்பத் தொல்லை என்றே எண்ணுகிறோம். ஆயினும், அவ்வொலியை அடக்க மனிதன் முயன்ற வரலாறு மாணவர் அறியத்தக்க பாடம் ஒன்றைத் தருகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மோட்டார் வண்டிகள் செய்துவந்த பிரடெரிக் லாஞ்செஸ்டர், 1902ஆம் ஆண்டில் வட்டத்தகட்டுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் தகட்டை இருபுறமும் கட்டைகள் பற்றி நிறுத்துவது அதன் அமைப்பு. கருத்து சிறந்ததே. ஆனால் பற்றும் முகம் செம்பாக இருந்தமையால், உலோகம் உலோகத்தோடு உரசிக் கூச்சல் எழுப்பியது.

இவ்வொலி பிறப்பது எவ்வாறு? பிடில் வில்லை நினைத்துப் பாருங்கள். வில் தந்தியைப் பற்றுகிறது, நழுவுகிறது, மீண்டும் பற்றுகிறது. தந்தி அதிர்ந்து இசை பிறக்கிறது. பிரேக்குக் கட்டையும் இவ்வாறே பற்றியும் நழுவியும் செல்லுங்கால் தகடு நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. அங்கே இசை, இங்கே கீச்சொலி.

இதற்குத் தீர்வு தந்தவர் டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் புரூட். மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்காரர்கள் பழைய செருப்பைத் தடைக்கட்டையில் பொருத்துவதைக் கண்டு இவருக்கு எண்ணம் உதித்தது என்பர். முதலில் பருத்தி நெசவுப் பட்டைகளைச் செய்தார். அவை வெப்பத்தில் கருகின. பின்னர், 1908ஆம் ஆண்டளவில், தீயில் வேகாத கல்நாரைப் பயன்படுத்தினார். கூச்சல் தணிந்தது. உலகெங்கும் வண்டிகள் கல்நார்ப் பட்டையை ஏற்றன.

ஆனால் ஓசை அடங்கிய இடத்தில் ஓசையற்ற தீங்கு ஒன்று குடிபுகுந்தது. கல்நாரின் நுண்ணிய தூசி நுரையீரலில் தங்கி உயிரையே குடிக்கும். ராச்டேல் நகரக் கல்நார் ஆலையில் பணிபுரிந்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924ஆம் ஆண்டில், தம் 33ஆம் வயதில், இந்நோயால் மாண்டார். பிரேக்குத் தூசியைக் காற்றால் ஊதித் துப்புரவு செய்த தொழிலாளரும் அறியாமலே அதனைச் சுவாசித்தனர். எனினும், பிரிட்டன் கல்நாரை முற்றிலும் தடை செய்தது 1999ஆம் ஆண்டிலேதான்.

இன்று கீச்சொலியைத் தடுக்க வேறு வழிகள் உள்ளன. கட்டையின் ஓரங்களைச் சரிவாகச் சீவுகின்றனர். அதன் முதுகில் அதிர்வைத் தாங்கும் மெல்லிய தகடு பொருத்துகின்றனர். முதுகுப்புறத்தில் மட்டும் வெப்பம் தாங்கும் மசகு இடுகின்றனர். உரசும் முகத்தில் மசகு பட்டால் ஒலி நிற்கலாம், வண்டி நிற்காது!

இன்னும் ஒரு வியப்பு. இக்காலத்துக் கட்டைகள் பலவற்றில் சிறிய உலோக நாக்கு ஒன்று உண்டு. கட்டை தேய்ந்ததும் அது தகட்டில் உரசிக் கீச்சிடும். அன்று அடக்க முயன்ற ஒலியையே இன்று எச்சரிக்கையாக அமைத்திருக்கிறார்கள். ஒலியை அடக்குவது வேறு. குறையைக் களைவது வேறு. இதனை உணர்த்தவே இவ்வரலாற்றைக் கூறினேன்.