பதினெட்டாம் பிரிவு பிறந்த கதை

ஆலை வாசலில் கொடி ஏறினால் நிர்வாகம் சிவில் கோர்ட்டுக்கு ஓடும், ‘இன்ஜங்ஷன்’ கேட்கும். எதிர்த்து எழுந்து நிற்கும் தொழிலாளர் தரப்பு வக்கீல்கள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் எடுத்த முதல் ஆயுதம், 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. டில்லியில் நிறைவேறிய சட்டம்தான். ஆனால் அதன் பூர்வீகம் வடசென்னை.

1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைத் திரட்டியவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். தலைவராக அழைத்து வரப்பட்டவர் பி.பி. வாடியா; பார்சி, பிரம்மஞானி, அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகைக்காரர். திரு.வி.க.வும் உடன் நின்றார். சாப்பாட்டு நேரம் போதவில்லை, கொஞ்சம் பிந்தி வந்தால் கதவைச் சாத்திவிடுகிறார்கள், மேஸ்திரி கை ஓங்குகிறார் என்று ஆரம்பத்தில் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் குறைகள்தாம். கூலிக் கணக்கு பிறகு வந்தது.

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. நிர்வாகமான பின்னி கம்பெனி போலீசோடு நிற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்குப் போட்டது. தொழிலாளர்களைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை மீற வைத்தார்கள், நஷ்டஈடு வேண்டும், இனிமேல் தூண்டவும் கூடாது என்பது பிராது. இடைக்காலத் தடையும் கிடைத்தது.

இந்தப் ‘தூண்டுதல்’ வாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றில் போய் நிற்கும். ஜோஹன்னா வாக்னர் என்ற பாடகி, லம்லி என்பவரின் அரங்கில் பாட ஒப்புக்கொண்டிருந்தார். போட்டி அரங்குக்காரர் கை, கூடுதல் பணம் காட்டி அவரைத் தன் பக்கம் இழுத்தார். லம்லி பாடகிக்குத் தடை உத்தரவு வாங்கியதோடு நிற்காமல் கை மேலேயே நஷ்டஈட்டு வழக்கும் போட்டார். அடுத்தவர் வீட்டு வேலையாளைக் கலைத்துக் கூட்டிப் போவது தவறு என்ற பழைய எஜமான்–ஊழியர் விதியைத் தேடி எடுத்து, பாடகிக்கும் அது பொருந்தும் என்று 1853-இல் நீதிமன்றம் சொன்னது. அதே விதி பிற்பாடு தொழிற்சங்கங்களின் தலையில் விடிந்தது. வேலைநிறுத்தம் செய்யச் சொல்வதும் ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதுதானே! இங்கிலாந்துச் சங்கங்கள் போராடி 1906-இல் பார்லிமென்டில் விலக்கு வாங்கின. விதி கப்பலேறி இங்கே வந்துவிட்டது, விலக்கு வரவில்லை. பெரம்பூர் நெசவாளிக்காகப் பேசியவருக்கு லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பாதுகாப்பு சென்னையில் கிடையாது.

வழக்கு விசாரித்து முடிவாகவில்லை. வாடியா சங்கத்தை விட்டு விலகுவது, கம்பெனி வழக்கைக் கைவிடுவது என்று சமரசம் ஆனது. என் கணக்கில் கம்பெனிக்கு இது தீர்ப்பைவிடப் பெரிய வெற்றி. தீர்ப்பென்றால் மேல்முறையீடு செய்யலாம். தலைவரே போன பிறகு யார் செய்வது?

செய்தி சென்னையோடு நிற்கவில்லை. 1919-இல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனவர் என்.எம். ஜோஷி, அவருடைய ஆலோசகராகப் போனவர் இதே வாடியா. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் ஜோஷி எழுந்தார். சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சர்க்கார் ஒப்புக்கொண்டது, அவசரப்படவில்லை. முதலாளிகள் சங்கங்களின் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டு, 1925-இல் மசோதா, 1926-இல் சட்டம், 1927 ஜூன் 1 முதல் அமல்.

ஏழு பேர் சேர்ந்தால் பதிவு. பதிவான சங்கத்தாரை, ஒப்பந்த மீறலுக்குத் தூண்டினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக சிவில் வழக்கில் இழுக்க முடியாது என்றது 18-ஆம் பிரிவு. கிரிமினல் சதி வழக்கிலிருந்து 17-ஆம் பிரிவு காப்பாற்றியது. 22-ஆம் பிரிவைப் படிக்கும்போதுதான் எனக்கு வாடியா ஞாபகம் வரும். நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும் என்றது. அப்படியானால் மீதிப் பாதி வெளியாட்களாக இருக்கலாம்! பத்திரிகைக்காரர் வரலாம், வக்கீலும் வரலாம். நம் ஊரில் கோர்ட்டில் வாதாடும் வக்கீலே சங்கத் தலைவராகவும் இருக்கும் வழக்கத்துக்கு இந்த வரி இடம் கொடுத்தது. 2001 திருத்தம் அந்தப் பங்கை மூன்றில் ஒன்றுக்கும் ஐந்து பேருக்கும் மிகாமல் சுருக்கியது.

சட்டவிரோத வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்தைத் தொழிலாளர் தலையில் கட்டப் பார்த்த ரோதாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கும் 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, பழைய சட்டத்தை விழுங்கியபோதும் இந்த விலக்கை உள்ளே வைத்துக்கொண்டது.

நிர்வாகத் தரப்பு வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? ‘தூண்டினார்கள்’ என்று இப்போது யாரும் பிராது எழுதுவதில்லை. லாரியை மறித்தார்கள், வேலைக்கு வந்தவரை மிரட்டினார்கள், கேட்டை அடைத்தார்கள் என்று எழுதுவார்கள். வன்முறைக்கும் மறியலுக்கும் விலக்குக் கிடையாது. பெரும்பாலும், வாசலிலிருந்து இத்தனை மீட்டருக்கு அப்பால் நின்று கோஷம் போடலாம் என்று உத்தரவாகும். அம்பது மீட்டரா, இருநூறு மீட்டரா என்பதில்தான் இரு தரப்பு வக்கீல்களுக்கும் அன்றைய வாதம்.