ஒரே ஆர்டர், ரெண்டு பார்சல்... எந்தக் குடோனில் இருந்து அனுப்புவது என்று முடிவு செய்வது யார்?

குக்கர், பெட்ஷீட், போன் சார்ஜர். மூன்றையும் சேர்த்து ஆர்டர் போட்டு, ஒரே தடவையில் பணமும் கட்டியாச்சு. குக்கரும் பெட்ஷீட்டும் மறுநாளே வந்துவிட்டன. சார்ஜர் மட்டும் நாலு நாள் கழித்து, தனிப் பெட்டியில் வருகிறது. "எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பினா என்னவாம்?" என்று கேட்காத வீடு இருக்காது.

இப்படிப் பிரித்து அனுப்பலாம் என்று பெரும்பாலும் எந்த ஊழியரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. நீங்கள் பணம் கட்டிய சில நொடிகளில், ஆர்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்ற மென்பொருளே அதை முடிவு செய்துவிடுகிறது. அது எதைப் பார்த்து முடிவெடுக்கிறது?

பிரித்தால் நஷ்டம்தானே?

எப்போதும் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வாங்குபவர் கோவையில் இருக்கிறார். கடைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடோன், மும்பை பக்கத்தில் பிவண்டியில் ஒரு குடோன். ஸ்ரீபெரும்புதூரில் குக்கரும் பெட்ஷீட்டும் இருக்கின்றன, சார்ஜர் தீர்ந்துவிட்டது. பிவண்டியில் மூன்றுமே இருக்கின்றன.

பிவண்டியில் இருந்து மூன்றையும் ஒரே பெட்டியில் அனுப்பினால் கூரியர் செலவு 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கனமான இரண்டையும் பக்கத்துக் குடோனில் இருந்து 70 ரூபாயிலும், சார்ஜரை மட்டும் தூரத்தில் இருந்து 55 ரூபாயிலும் அனுப்பினால் மொத்தம் 125 ரூபாய்தான். இங்கே பிரிப்பதே லாபம். அதுவே 60 ரூபாய் சோப்பு இரண்டு வாங்கிய ஆர்டர் என்றால்? பிரித்த மாத்திரத்தில் லாபம் முழுக்க கூரியருக்கே போய்விடும்.

கூரியர் கட்டணத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தராசு காட்டும் எடை மட்டும் கணக்கில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுப்பார்கள். 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 6 கிலோ கணக்கு. உள்ளே 2 கிலோ பொருள் இருந்தாலும் 6 கிலோவுக்குத்தான் காசு. அதனால் பொருளின் எடையோடு பெட்டியின் அளவும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல கடைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

125 வழிகளில் ஒன்று

ஐந்து குடோன், மூன்று பொருள், எல்லா இடத்திலும் ஸ்டாக் இருக்கிறது என்றால், அனுப்புவதற்கு 125 வழிகள் உண்டு. பத்துப் பொருள் என்றால் 97 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல், மென்பொருளுக்கு வரிசையாகச் சில விதிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். முழு ஆர்டரையும் ஒரே குடோனால் தர முடியுமா? முடியாவிட்டால் இரண்டு குடோன் போதுமா? அதில் வாங்குபவருக்குப் பக்கம் எது?

ஷாப்பிஃபையில் கடை நடத்துபவர்களுக்கு இது பழகிய விஷயம். 'பிரிப்பதைக் குறை', 'பக்கத்து இடத்தில் இருந்து அனுப்பு' போன்ற விதிகளில் எது முதலில் வர வேண்டும் என்பதை அவர்களே மாற்றிக்கொள்ளலாம். 2018-ல் வந்த மெஜென்டோ 2.3, எந்தக் குடோனில் இருந்து எத்தனை எடுக்கலாம் என்று பரிந்துரை செய்யும். அதை ஏற்பதா மாற்றுவதா என்பது கடைக்காரர் கையில்.

விதிகளின் வரிசையை மாற்றினால் விளைவும் மாறும். தூரம் முதலில் என்று வைத்தால் பொருள் சீக்கிரம் போகும், பார்சல் எண்ணிக்கை கூடும். பிரிக்காதே என்பது முதலில் வந்தால், செலவு குறையலாம், வாங்குபவர் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்கும் சாதாரண நாளுக்கும் ஒரே வரிசையை வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

முடிவை மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம், மாற்றுவது நல்லதும்கூட. ஆர்டர் வந்த நொடிக்கும், குடோனில் ஆள் பொருளை எடுக்கும் நேரத்துக்கும் நடுவில் சில மணி நேரம் கிடைக்கும். அதற்குள் ஸ்ரீபெரும்புதூருக்கு சார்ஜர் லோடு வந்து இறங்கியிருக்கலாம். எம்.ஐ.டி. பேராசிரியர் ஸ்டீபன் கிரேவ்ஸ் உள்ளிட்ட மூவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: முதலில் எடுத்த முடிவை அப்படியே விட்டுவிடாமல், காத்திருக்கும் ஆர்டர்களைச் சேர்த்து மறுபடி ஒதுக்கிப் பார்த்தால் பார்சல்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும்.

திரையில் இருக்கு, அலமாரியில் இல்ல!

எவ்வளவு நல்ல விதி போட்டாலும் ஸ்டாக் கணக்கு பொய்யாக இருந்தால் எல்லாம் வீண். கம்ப்யூட்டரில் 'ஒன்று இருக்கிறது' என்று காட்டும். ஊழியர் போய்ப் பார்த்தால் அலமாரி காலி. உடைந்திருக்கும், இடம் மாறியிருக்கும், அல்லது அந்தக் கடைசிப் பீஸை அதே நிமிடத்தில் இன்னொருவரும் வாங்கியிருப்பார். உடனே அந்தப் பொருள் வேறு குடோனுக்கு மாற்றப்படும். யாரும் திட்டமிடாத பார்சல் ஒன்று அங்கே பிறக்கிறது.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஆர்டர் விழுந்ததுமே அந்தப் பீஸை அந்த வாடிக்கையாளர் பெயரில் பிடித்து வைப்பது ஒன்று. கடைசி இரண்டு மூன்று பீஸ்களை விற்பனைக்கே காட்டாமல் கையிருப்பாக ஒதுக்குவது இன்னொன்று.

பில்லும் கூப்பனும்தான் பெரிய தலைவலி

பொருளைப் பிரிப்பது சுலபம். பணத்தைப் பிரிப்பதுதான் சிரமம்.

முதலில் ஜி.எஸ்.டி. வேறு மாநிலக் குடோனில் ஸ்டாக் வைத்து அங்கிருந்து விற்கிற கடை, அந்த மாநிலத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து கோவைக்குப் போகும் பொருளுக்கு, வரி 18 சதவீதம் என்றால், மத்திய ஜி.எஸ்.டி. 9, மாநில ஜி.எஸ்.டி. 9. பிவண்டியில் இருந்து வருவதற்கு ஐ.ஜி.எஸ்.டி. 18. வாங்குபவர் கட்டும் தொகை மாறாது. ஆனால், பில்லும் அதில் இருக்கும் பதிவு எண்ணும் வேறு வேறு. பார்சல் கடைசி நேரத்தில் குடோன் மாறும்போது, பில்லும் கூடவே மாறியாக வேண்டும்.

அடுத்தது தள்ளுபடி. 100 ரூபாய் கூப்பனை ஒரே விலையுள்ள மூன்று பொருளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 33.33. கூட்டினால் 99.99தான் வரும். மீதி ஒரு பைசாவை ஏதாவது ஒரு பொருளில் சேர்க்கச் சொல்லி மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்.

கேஷ் ஆன் டெலிவரி இன்னும் சிக்கல். முதல் பார்சல் கொண்டுவந்தவர் முழுத் தொகையையும் கேட்டால் யார் கொடுப்பார்கள்? பார்சலுக்குத் தகுந்த தொகையை மட்டும் வசூலிக்க வேண்டும். டெலிவரி கட்டணத்தை ஒரு முறைதான் வாங்க வேண்டும். ஒரு பார்சலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், மற்றதற்குக் கொடுத்த தள்ளுபடி செல்லுமா என்பதற்கும் விதி எழுதியிருக்க வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது

ஆர்டர் எண் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு பார்சலுக்கும் தனி டிராக்கிங் எண் உண்டு. ஒரு பார்சல் வந்ததுமே ஆப்பில் 'டெலிவரி ஆச்சு' என்று காட்டினால், மீதிப் பொருளுக்குத் தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளைத் திருப்பித் தரும் கெடு, பெரும்பாலும் அந்தந்தப் பார்சல் வந்த தேதியில் இருந்தே ஓடத் தொடங்கும். பில்களையும் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள்.

மீதிப் பொருள் வராமலே போனால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்யலாம். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அங்கேயும் பதில் இல்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போது ஆர்டர் எண்ணோடு, வராத பார்சலின் டிராக்கிங் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.