மாதோட்டக் கரையும் மனிதக் குருதியும்

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அராபிய வணிகர் அதன் வித்தைக் கொணர்ந்தனர் என்பது செவிவழி வந்த கூற்று. எதிர்க்கரையிலுள்ள மாதோட்டமோ பல நாட்டு மரக்கலங்கள் அணைந்த பழந்துறைமுகம். 1980 இல் தொடங்கிய அகழாய்வில் சீனத்து மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் அங்கே வெளிப்பட்டன. முத்துக்குளிப்புக் காலங்களில் கீழக்கரையிலிருந்தும் அராபியக் குடாக்கரையிலிருந்தும் சுழியோடிகள் இக்கடலுக்கு வந்தனர்.

மரத்தின் பூர்வீகத்தை இலையும் பட்டையும் உரைத்துவிடும். மனிதனுடைய பூர்வீகத்தைக் குருதி உரைக்குமா?

மனிதக் குருதி ஒரே தன்மையதன்று என்பதை 1901 இல் வியன்னா நகரத்து லான்ட்ஸ்டைனர் விளக்கினார். அவ்வகைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒழுங்குமுறையோடு இறங்குகின்றன என்பதை 1910 இல் டங்கேர்ன், ஹிர்ஷ்பெல்ட் எனும் இருவர் நிறுவினர். முதலாம் உலகப் போரின்போது ஹிர்ஷ்பெல்ட் தம் மனைவியாருடன் சலோனிக்காப் போர்முனையில் பல நாட்டாரின் குருதியைச் சோதித்தார். மேனாட்டாரிடம் ஏ வகையும், இந்தியப் போர்வீரரிடம் பீ வகையும் மிகுந்திருந்தன. 1919 இல் இம்முடிவை வெளியிட்ட தம்பதியர், மனிதகுலத்துக்கு இரு வேறு தோற்றுவாய்கள் இருந்திருக்கலாம் என்றும் ஊகித்தனர். அந்த ஊகம் நிலைக்கவில்லை. மூன்று வகைகளும் ஏறக்குறைய எல்லா மக்களிடமும் உள, அளவே வேறு. பீ வகைக் குருதியுடைய சுழியோடி ஒருவன் எக்கரையினன் என்பதை அக்குருதி ஒன்றைக்கொண்டு எவராலும் கூற இயலாது.

குருதி வகை இறங்கும் முறையைச் சரிவர விளக்கியவர் கணித அறிஞர் பெர்ன்ஸ்டைன், ஆண்டு 1924. ஒவ்வொருவரும் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரண்டு பரம்பரையலகுகளைப் பெறுகின்றனர். ஏயும் பீயும் ஆட்சியுடையவை, ஓ பின்னிடைவது. பேசாலையில் ஒரு தந்தை ஏ வகை, தாய் பீ வகை, பிள்ளை ஓ வகை என வைத்துக்கொண்டால், அறியாதார் தாயின்மீது ஐயுறுவர். அது பெரும் பழி. இருவரிடத்தும் மறைந்திருந்த ஓ அலகுகள் பிள்ளையிடம் ஒன்றுகூடின, அவ்வளவே. ஏபீ வகைத் தந்தைக்கும் ஓ வகைத் தாய்க்கும் பிறக்கும் பிள்ளைகளோ ஏ அல்லது பீ வகையினர். பெற்றோர் இருவரையும் ஒவ்வாதவர்! ஆட்சியுடையது என்றால் மிகுதியானது என்று பொருளுமன்று. பின்னிடையும் ஓ வகையினரே இலங்கையில் மிகப் பலர்.

ஆயினும், ஓ வகைப் பெற்றோர்க்கு பீ வகைப் பிள்ளை பிறக்க இயலாது என்று துணிந்துவிடுவதும் தவறே. 1952 இல் பம்பாயில் பெண்டேயும் அவருடைய சகாக்களும் ஒரு புதுமையைக் கண்டனர். ஏ, பீ இரண்டுக்கும் அடித்தளமான எச் என்னும் பொருள் சிலரிடம் அமைவதேயில்லை. இக்குறையும் பின்னிடையும் பண்பே. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அத்தகையோரிடம் பீ அலகு இருந்தாலும் சாதாரணச் சோதனையில் ஓ என்றே தோன்றும். பிள்ளைக்கு மற்றப் பெற்றோரிடமிருந்து எச் கிடைத்தால், மறைந்த பீ வெளிப்படும். இவ்வரிய வகையினருக்கு ஓ வகைக் குருதியை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து; தம்மை ஒத்தவர் குருதியே அவர்களுக்குப் பொருந்தும்.