உதிர்ந்த ஓசை

பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் ‘எ’ என்ற ஓசை சேர்ந்தால் அது வினையடை. ‘லி’ என்னும் விகுதியும் உடலைக் குறித்த ‘லீச்’ என்ற சொல்லின் எச்சமே. அதன் நுனியிலும் இந்த ‘எ’ இருந்தது.

15ஆம் நூற்றாண்டுக்குள் அந்த ஓசை பேச்சில் உதிர்ந்துவிட்டது. ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்கள் பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே உருவில் நின்றன. பிரெஞ்சு வழியாக வந்த ‘எக்ஸ்ட்ரீம்’ போன்றவையும் இவற்றோடு சேர்ந்துகொண்டன; விகுதியில்லாமலே வினையடையாக வழங்கின.

1762இல் ராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில் இவ்வழக்கைப் பிழை என்றார். சான்றுக்கு அவர் எடுத்துக்கொண்டது டிரைடனையும் ஸ்விஃப்டையும். 1795இல் லிண்ட்லி மரேயின் இலக்கணம் அதே தீர்ப்பை வகுப்பறைக்குக் கொண்டுபோயிற்று. ஒரு மொழியின் பழக்கம் எழுத்தாளனின் குற்றமாகிவிட்டது.

ஆனால் ‘ஹார்ட்’ பணியவில்லை. ‘ஹார்ட்’ என்று உழைப்பவன் கடுமையாக உழைக்கிறான். ‘ஹார்ட்லி’ உழைப்பவன் உழைப்பதே அரிது. விதிக்கு உட்படுத்தினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

எழுத்தாளன் இலக்கணத்தை மீறினான் என்று சொல்லுமுன், அந்த இலக்கணம் எந்த வழக்கை மறந்து எழுதப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.