கல்பாக்கம்: அணு ஆயுதமும் போர்ச் சட்டமும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், நெம்மேலியையும் மாமல்லபுரத்தையும் தாண்டித் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையில் அமைந்துள்ள அணுசக்தி வளாகம் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகள் 1984, 1986 ஆண்டுகளில் இங்கே வணிக உற்பத்தியைத் தொடங்கின. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இங்கேதான் உள்ளது. மின்சாரம் எடுக்கும் இடமாகவே மக்கள் இதை அறிவர். ஆனால் நாட்டின் அணு ஆயுத ஏற்பாட்டிலும் இந்த வளாகத்துக்குப் பங்கு உண்டு.

ஐ.என்.எஸ். அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் உலைக்கு முன்மாதிரி இங்கேதான் தரையில் கட்டி இயக்கிப் பார்க்கப்பட்டது. பல்லாண்டு இரகசியமாக இருந்த அந்த உலை, கப்பல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்ட பிறகு, 2009 ஆகஸ்டில் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. அணு ஏவுகணை தாங்கும் அந்தக் கப்பல் தன் முதல் தடுப்பாற்றல் ரோந்தை முடித்துத் திரும்பியதாக 2018 நவம்பரில் அரசு அறிவித்தது.

குடிமை, இராணுவ அணு நிலையங்களைப் பிரிக்க 2006 மார்ச்சில் அமெரிக்காவுடன் ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி, இந்தியாவின் 22 மின் உலைகளில் 14 பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்படும். கூடங்குளம் அணுமின் நிலையம் அதில் அடங்கும். கல்பாக்கத்தின் இரு மின் உலைகளும், புதிய அணு எரிபொருளை உருவாக்கும் ஈனுலைகளும் அடங்கா. ஈனுலைத் திட்டத்தைக் குடிமைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றும், அதற்கு எரிசக்திப் பாதுகாப்போடு அணுத் தடுப்பாற்றலும் காரணம் என்றும் அப்போதைய அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோட்கர் வெளிப்படையாகவே சொன்னார். ஈனுலையின் மையத்தைச் சுற்றியுள்ள யுரேனிய உறையில் மிகத் தூய புளூட்டோனியம் விளைகிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கிலோ ஆயுதத்தர புளூட்டோனியம் எடுக்க இயலும் என்று அலெக்சாண்டர் கிளாசரும் எம்.வி. ரமணாவும் 2007இல் கணித்தனர். நாகசாகியில் வீசப்பட்ட குண்டில் இருந்தது சுமார் 6 கிலோ. இந்தக் கணக்கு உலையின் திறனைப் பற்றியது மட்டுமே. அப்படி எடுக்கிறார்கள் என்பதற்கு இது சான்றாகாது.

இத்தகைய ஆயுதம் பற்றிப் போர்ச் சட்டம் இரண்டு கேள்விகளை முன்வைக்கிறது: ஆயுதம் படைவீரரையும் பொதுமக்களையும் வேறுபடுத்தித் தாக்குமா? தேவையற்ற துன்பம் விளைவிக்குமா? கதிர்வீச்சு எல்லைக்கோட்டில் நிற்பதில்லை. பிறக்காத குழந்தையையும் அது தொடும். 1995இல் சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியா தாக்கல் செய்த அறிக்கை இதைத் தயக்கமின்றி வாதிட்டது: பதிலடியாகக்கூட அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். 1996 ஜூலை 8 அன்று நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாக மனிதாபிமானச் சட்டத்துக்கு முரணானது. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும் தற்காப்பில் அது சட்டவிரோதமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்ததால் தலைவரின் கூடுதல் வாக்கே அதை முடிவு செய்தது. மாறுபட்டவர்களில் ஒருவரான இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி, எந்தச் சூழலிலும் அது சட்டவிரோதமே என்று விரிவாக எழுதினார். அறநெறியில் தெளிவான நிலைப்பாடு அவருடையதே.

இரண்டே ஆண்டுகளில், 1998 மே மாதத்தில், பொக்ரானில் இந்தியா அணு ஆயுதச் சோதனை நடத்தியது. 2003 ஜனவரியில் வெளியான இந்திய அணு ஆயுதக் கோட்பாடு முதலில் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறியது. அதே மூச்சில், தாக்கப்பட்டால் பெருமளவிலான பதிலடி என்றும் சொன்னது. பதிலடியும் சட்டவிரோதம் என்று வாதிட்ட நாடு இப்படி மாறியதற்குப் பாதுகாப்புக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. 1995இன் சட்ட வாதத்துக்கு விடை மட்டும் சொல்லப்படவில்லை. 122 நாடுகளின் வாக்கோடு 2017இல் நிறைவேறி, 2021இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. மற்ற அணு ஆயுத நாடுகளும் சேரவில்லை. இலங்கை 2023இல் இணைந்தது.

கல்பாக்கம் போன்ற இடங்களைப் போரில் தாக்குவது குறித்தும் சட்டம் உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை அணுமின் நிலையங்களுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. இந்தியா அதில் உறுப்பினர் அல்ல. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31இல் செய்துகொண்ட உடன்பாடே இங்கு நடைமுறைக் காப்பு. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. எதிரி நாட்டின் கைக்குப் போகும் அந்தப் பட்டியல், நிலையங்களைச் சுற்றி வாழும் சொந்தக் குடிமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை.